வானொலி உரையாடலுக்கு முதன்முறை விருந்தினராகப் போகிறவர்களுக்கு

சென்ற ஆண்டு இரண்டு முறை சிங்கப்பூர்த் தமிழ் வானொலியின் அன்றாட உரையாடல் நிகழ்ச்சியில் விருந்தினராக உட்கார்ந்தேன். இரண்டு முறையும் பேசுபொருள் ஒன்றுதான்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் கறிவேப்பிலை, வெண்டை, பசலைக்கீரை வளர்ப்பது. முதல் முறை பேச்சு ஒட்டவே இல்லை. இரண்டாம் முறை நேயர்கள் ஒருவர்பின் ஒருவராக அழைத்தார்கள். இடையில் நான் எதையெல்லாம் மாற்றினேன் என்று கேட்டு இதுவரை நான்கு பேர் எழுதிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே முழுவதும் எழுதிவைக்கிறேன்.

படி 1: அழைப்பு வந்ததும் கேட்க வேண்டியவை

நேரலையா, முன்பதிவா? மொத்தம் எத்தனை நிமிடம்? நேயர் அழைப்பு உண்டா? உங்களோடு வேறு விருந்தினர் இருக்கிறாரா? இந்த நான்கையும் தயாரிப்பாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 20 நிமிடப் பகுதி என்றார்கள். பாட்டு, விளம்பரம், போக்குவரத்துத் தகவல் எல்லாம் போக நான் பேசியது 11 நிமிடம். ஆகவே நேயர் மனத்தில் தங்க வேண்டிய செய்திகள் மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பத்துச் செய்திகளோடு போனால் பத்தும் அவசரத்தில் சிதறும்.

படி 2: தாளில் எழுதியதை வாய்க்குக் கொண்டுவருதல்

நான் சறுக்கிய இடம் இது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதல் முறை நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். நல்ல தமிழ்தான், பிழை பார்த்து, சந்தி சரிபார்த்து எழுதியது. நிகழ்ச்சியை நடத்தும் படைப்பாளர் முதல் கேள்வியைக் கேட்டதும் முதல் பக்கத்தை வாசிக்கத் தொடங்கினேன். மூன்றாவது வரியில் அவர், “அப்படியென்றால் வெயில் வராத தாழ்வாரத்தில் என்ன செய்வது?” என்று இயல்பாகக் குறுக்கிட்டார். அதற்கான விடை என் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. நான் தாளைப் புரட்டினேன். அந்த அமைதி சில நொடிகள்தான். ஆனால் வானொலியில் சில நொடி அமைதி என்றால் கேட்பவர் நிலையம் நின்றுபோய்விட்டதென்று நினைப்பார்.

வீட்டுக்கு வந்து, மகன் பதிவுசெய்து வைத்திருந்ததைக் கேட்டேன். படைப்பாளர் பேசுகிறார், நான் செய்தி வாசிக்கிறேன். ஒரே மேசையில் இருந்தும் இருவரும் இரண்டு மொழி பேசியதுபோல் இருந்தது. தமிழில் எழுத்துக்கும் பேச்சுக்கும் இருக்கும் இடைவெளி நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஒலிவாங்கியின் முன்னால் அந்த இடைவெளி எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. “வேண்டும்” என்று எழுதியதைக் கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாய் “வேணும்” என்று சொல்லாது. கண் வென்றுவிடும்.

இரண்டாம் முறை செய்தது இது. எதையும் எழுதாமல், கைப்பேசியின் குரல்பதிவுச் செயலியை இயக்கிவிட்டு, ஈசூனில் இருக்கும் என் அத்தைக்குச் சொல்வதாக எண்ணிக்கொண்டு ஒவ்வொரு செய்தியையும் பேசினேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டே வானொலி கேட்பவர். பாதியில் குக்கர் சத்தம் வந்தால் எழுந்து போய்விடுவார். அப்படி எழுந்து போகிறவருக்கும் கையோடு ஒரு செய்தி போய்ச் சேர வேண்டுமானால், முதல் வாக்கியத்திலேயே அதைச் சொல்லியாக வேண்டும். பதிவைத் திரும்பக் கேட்டு, நன்றாக வந்த வாக்கியங்களின் முதல் இரண்டு சொற்களை மட்டும் அட்டையில் குறித்தேன். ஒரு செய்திக்கு ஓர் அட்டை. மூன்றே அட்டைகள்.

இதற்கு வேறு மென்பொருள் எதுவும் வேண்டாம். கைப்பேசியிலேயே இருக்கும் செயலி போதும். ஆனால் குறிப்புகளைக் கைப்பேசித் திரையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். திரை அணையும், அறிவிப்பு வரும், விரல் தவறிப் பக்கம் நழுவும். தடித்த அட்டையும் பென்சிலும்தான் என் தேர்வு. மெல்லிய தாளாக இருந்தால் அதன் சரசரப்பை ஒலிவாங்கி அப்படியே பிடித்துவிடும்.

படி 3: ஆங்கிலமும் எண்களும்

சிங்கப்பூரில் நாம் எண்களை ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகிவிட்டோம். தேசியப் பூங்காக் கழகத்தின் சமூகத் தோட்டத் திட்டம் 2005-இல் தொடங்கியது என்று சொல்ல நினைத்தேன். “இரண்டாயிரத்து ஐந்து” நாவில் வரவில்லை. அதனால் ஆண்டுகளை அட்டையில் எழுத்தாலேயே எழுதிவிடுங்கள். பேசுபொருளில் வரும் ஆங்கிலச் சொற்களையும் பட்டியலிட்டு, தமிழில் புழங்கும் சொல்லை எதிரில் எழுதிப் பத்து முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். மக்கிய உரம், விதைத்தட்டு, பூஞ்சைக் காளான் எல்லாம் எனக்கு அப்படித்தான் பழகின. எந்தச் சொல்லுக்காவது நல்ல தமிழ் தெரியாவிட்டால் அந்தப் பொருளை விளக்கிச் சொல்லிவிடுங்கள். ஒலிவாங்கியின் முன்னால் சொல்லைத் தேடித் திணறுவதைவிட அது அழகாக இருக்கும்.

அளவுகளைக் காதால் பார்க்கும்படி சொல்ல வேண்டும். பூங்காக்களில் கழகம் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். இதை அப்படியே சொன்னால் காற்றில் போய்விடும். “உங்கள் படுக்கையறைக் கதவைக் கழற்றித் தரையில் போட்டால் எவ்வளவு இருக்குமோ, அதைவிடக் கொஞ்சம் பெரியது” என்றேன். அடுத்து அழைத்த நேயர் கதவைப் பற்றியே பேசினார். அதேபோல், ஏடிஸ் கொசு முட்டையிட இருபது காசு நாணயத்தின் அளவு நீர் தேங்கினாலே போதும், முட்டை பறக்கும் கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்று சொன்னால், தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை இன்றைக்கே எடுத்துக் கவிழ்ப்பார்கள்.

படி 4: கூடத்தில்

அடையாள அட்டையை மறக்காதீர்கள். அரைமணி நேரம் முன்னால் போய்விடுங்கள். (வானொலியை நடத்தும் மீடியாகார்ப் நிறுவனம் ஒன்-நார்த் வட்டாரத்துக்கு இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் ஆகியும், “கால்டிகாட்டுக்கா போகிறாய்?” என்றுதான் அத்தை கேட்டார். 1937-இலேயே கால்டிகாட் குன்றிலிருந்து வானொலி ஒலித்தது. மூன்று தலைமுறை வாயில் ஊறிய பெயர் அது. எனக்கும் அதைத் திருத்த மனம் வரவில்லை.)

கண்ணாடி வளையலும் கனமான சங்கிலியும் வேண்டாம். ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, நேராக அதனுள் ஊதாமல் சற்றுப் பக்கவாட்டில் பேசுங்கள். “பசலை”, “பாத்தி”, “பூச்சி” என்று பகரத்தில் தொடங்கும் சொற்கள் நேராகப் பேசினால் வெடிக்கும். ஹெட்போனில் உங்கள் குரலே உங்களுக்கு அந்நியமாகக் கேட்கும். ஒரு நிமிடத்தில் பழகிவிடும். ஒலி அதிகமாக இருந்தால் கூச்சப்படாமல் குறைக்கச் சொல்லுங்கள். போவதற்கு முன் பால் சேர்த்த தேநீர் குடித்தால் என் தொண்டையில் படலம்போல் ஒட்டுகிறது. வெதுவெதுப்பான நீர்தான் எனக்கு ஒத்துவருகிறது.

படைப்பாளரின் கண்ணைப் பாருங்கள். அவர் மூச்சை இழுத்தால் பேசப் போகிறார் என்று பொருள். வாக்கியத்தை முடித்து இடம் கொடுங்கள்.

படி 5: நேயர் அழைக்கும்போது

அழைப்பவர் பெரும்பாலும் கேள்வியோடு தன் கதையையும் கொண்டுவருவார். முதல் முறை நான் கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு விடை சொன்னேன். ஊரில் தன் அம்மா வைத்திருந்த கறிவேப்பிலை மரத்தைப் பற்றி ஓர் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். நான் மண்கலவைக்குத் தாவிவிட்டேன். இன்றும் அது எனக்கு வருத்தம். “அந்த மரம் இப்போதும் இருக்கிறதா அம்மா?” என்று ஒரு வரி கேட்டிருக்க வேண்டும். அவர் சொல்லியிருக்கக்கூடிய விடை என் மண்கலவையைவிட எல்லோருக்கும் பிடித்திருக்கும்.

தெரியாத கேள்வி வந்தால், “சரிபார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லி, பெயரைத் தயாரிப்பாளரிடம் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். விதிமுறைக் கேள்விகளுக்கு மட்டும் முன்னதாகவே தயாராகுங்கள். தாழ்வாரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நடைபாதையில் தடையில்லாமல் 1.2 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. இது அட்டையின் பின்புறத்தில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசுகிறவர்களுக்கு

இதைப் படித்த ஒருவர் அழைப்பு வழியாகப் பேசியபோது தன் குரலே திரும்பித் திரும்பி வந்து தடுமாறியதாக எழுதியிருந்தார். பக்கத்து அறையில் வானொலிச் செயலி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இணைய ஒலிபரப்பு நேரலைக்குப் பின்னால்தான் வரும். தன் சொற்களையே தாமதமாகக் கேட்டால் நாக்கு குழறும். பண்பலை வானொலியாக இருந்தாலும் தொலைபேசிக்கு அருகில் வைத்தால் கீச்சென்று கத்தும். வீட்டில் இருக்கும் எல்லா வானொலிகளையும் அணைத்துவிடுங்கள். கேட்க விரும்புகிறவர்கள் கீழே போய்க் கேட்கட்டும். மின்விசிறியை நிறுத்தி, துணி அலமாரி இருக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கம்பியுள்ள காதொலிக்கருவியில் பேசுங்கள். கம்பியில்லாதது பாதியில் மின்னூட்டம் தீர்ந்து நின்றுபோகலாம்.

இன்னொருவர், பேசிய பகுதியின் பிரதி கிடைக்குமா என்று கேட்டிருந்தார். நிகழ்ச்சிக்கு முன்பே தயாரிப்பாளரிடம் கேளுங்கள். கிடைக்காது என்றால் வீட்டில் யாரையாவது பதிவுசெய்யச் சொல்லி, குடும்பத்துக்குள் கேட்க வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தின் அனுமதி இல்லாமல் இணையத்தில் ஏற்ற வேண்டாம். என் முதல் பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை. அடுத்த அழைப்பு வந்தால், போவதற்கு முந்தைய இரவு அதை மறுபடி கேட்பேன்.