கார்பன் திட்டங்களும் சிசிபி தரநிலையும்: எங்கே தவறுகிறோம்?

சிசிபி (Climate, Community & Biodiversity) என்பது மரம் நடுதல், காடு காத்தல் போன்ற நிலம் சார்ந்த கார்பன் திட்டங்களுக்கான தரநிலை. அதன் சான்று கிடைத்தால் கார்பன் வரவுகளை (குறைத்த அல்லது உறிஞ்சிய ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் கிடைக்கும், விற்கக்கூடிய அலகு) விற்கலாம் என்று நினைத்துத் தொடங்குகிறவர்கள் பலர். இந்தத் தரநிலை வரவு எதையும் வழங்குவதில்லை. 2005-இல் முதல் பதிப்பு வெளியானது; 2014 முதல் வெர்ரா என்ற தரநிலை அமைப்பு நிர்வகிக்கிறது. பருவநிலை, மக்கள், பல்லுயிர் மூன்றுக்கும் நிகர நன்மை உண்டா என்று மட்டுமே இது பார்க்கும். எத்தனை டன் என்று கணக்கிட்டு வரவு பெற, விசிஎஸ் (Verified Carbon Standard) போன்ற வேறு தரநிலை தேவை.

திட்டத்துக்கு ஊர்மக்களிடம் ஒப்புதல் வாங்குவதில் நடக்கும் தவறுதான் என்னை மிகவும் வருத்துகிறது. கூட்டத்துக்கு வந்தவர்கள் வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்தைச் சம்மதமாகக் கோப்பில் சேர்த்துவிடுகிறார்கள். அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். நில உரிமையாளர்களின் பெயர்கள் இருக்கும். அதே நிலத்தில் விறகு பொறுக்கும் பெண்களும், ஆண்டுக்கு இரண்டு மாதம் மந்தையோடு வந்துபோகும் மேய்ப்பர்களும் இருக்கமாட்டார்கள். வேலி போட்டால் முதலில் வழி அடைபடுவது அவர்களுக்குத்தான். எத்தனை ஆண்டுகள் நிலம் கட்டுப்படும், வருமானம் எப்படிப் பிரியும், விலை சரிந்தால் நட்டம் யாருக்கு என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி, மறுக்கவும் இடம் கொடுத்துப் பெறுவதே ஒப்புதல்.

இதோடு ஒட்டியது சராசரிக் கணக்கு. ஊரின் மொத்த வருமானம் உயர்ந்தது என்று காட்டினால் போதாது. அடையாளம் கண்ட ஒவ்வொரு மக்கள் பிரிவுக்கும் நிகர நன்மை இருக்க வேண்டும் என்கிறது தரநிலை. மேய்ப்பர்கள் இழந்ததை உழவர்களின் லாபத்தால் ஈடுகட்டிக் காட்ட முடியாது.

பல்லுயிர் விஷயத்தில், வேகமாக வளரும் ஒரே மரத்தை வரிசையாக நட்டுவிட்டுக் காடு என்று எழுதுகிறார்கள். இயற்கையான புல்வெளியில் நட்டால் அங்கே தரையில் கூடுகட்டும் பறவைகள் போய்விடும். ஆக்கிரமிப்பு இனங்களுக்கும் மரபணு மாற்றிய பயிர்களுக்கும் அனுமதியே இல்லை. முதல் குழி தோண்டும் முன்பே, திட்டம் வராவிட்டால் அங்குள்ள உயிர்களுக்கும் மக்களுக்கும் என்ன நேர்ந்திருக்கும் என்று ஆராய்ந்து எழுதிவையுங்கள். பின்னால் ஒப்பிட வேறு ஆதாரம் கிடைக்காது.

வடிவமைப்புக்குக் கிடைத்த சான்றை, பலன் கிடைத்ததற்கான சான்றாக விளம்பரம் செய்வதும் தவறு. பலனைத் தனித் தணிக்கைதான் உறுதிசெய்யும்.

திட்ட ஆவணத்தின் மீது பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. நூற்றுக்கணக்கான பக்கங்களை இணையத்தில் ஏற்றிவிட்டுக் காத்திருக்காதீர்கள். உள்ளூர் மொழியில் சுருக்கம் எழுதி, முதல் வாரத்திலேயே மேய்ப்பர்கள் தங்கும் இடத்துக்கும் சென்று வாசித்துக் காட்டுங்கள்.