தமிழ்நாட்டில் ஸ்மார்ட் மீட்டர் ஆலை: அரசு–தனியார் கூட்டில் அமைக்கும் முறை

ஆலை என்றதும் பலரும் முதலில் நிலம் தேடுகிறார்கள். ஆனால் முதலில் உறுதி செய்ய வேண்டியது கொள்முதல். 2021-இல் மத்திய அரசு அறிவித்த மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டம் நாடு முழுவதும் 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களை இலக்காகக் கொண்டது. அதன் மாதிரி ஒப்பந்தப்படி மீட்டரைத் தன் முதலீட்டில் வாங்கிப் பொருத்தி, இயக்கி, மீட்டருக்கு மாதம் இவ்வளவு என்று பெற்றுக்கொள்வது தனியார் சேவை நிறுவனமே. ஆகவே மின்வாரியம் ஆலையில் பங்குதாரராகச் சேர்ந்துவிட்டால் ஆர்டர் தானாக வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. 2023-இல் கோரப்பட்ட ஸ்மார்ட் மீட்டர் டெண்டரை, விலை கூடுதல் என்று கூறித் தமிழ்நாடு 2024 டிசம்பரில் ரத்து செய்தது. அதை மட்டும் நம்பி இயந்திரங்களுக்கு முன்பணம் கட்டியிருந்த ஆலையின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

அரசுக் கொள்முதல் பொதுவாகப் போட்டி டெண்டர் வழியாகவே நடக்க வேண்டும் என்னும் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கும்போது, கூட்டு நிறுவனம் என்பதற்காகப் பின்னாளில் நேரடியாக ஆர்டர் கொடுப்பது சிக்கலில்தான் முடியும். கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கும் டெண்டரிலேயே மீட்டரின் விலை, ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ள வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, தாமத அபராதம் ஆகிய மூன்றையும் போட்டிக்கு உட்படுத்துவதே பாதுகாப்பான வழி. அளவீட்டுச் சிப்புகள் பெரும்பாலும் இறக்குமதியாவதால், டாலர் மதிப்பு மாறும்போது விலையைத் திருத்தும் சூத்திரத்தையும் அதிலேயே எழுதிவிட வேண்டும்.

அரசின் பங்கை மின்வாரியம் வைத்திருப்பதைவிட, மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ வைத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. சோதித்து, குறை கண்டால் திருப்பி அனுப்ப வேண்டிய இடத்தில் இருப்பவரே உரிமையாளராகவும் இருந்தால் கை தளர்ந்துவிடும். டாடா குழுமத்துடன் சேர்ந்து 1984-இல் டிட்கோ தொடங்கிய டைட்டன், ஒசூரில் நுண்ணிய பாகங்களைப் பெருமளவில் கோக்கும் தொழிலை வளர்த்துக் காட்டியிருக்கிறது.

சர்க்யூட் பலகையில் பாகங்களைப் பதிக்கும் வரிசை, மூடியை ஒட்டும் இயந்திரம், லேசரால் எண் பொறிப்பது ஆகியவற்றைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். ஆலையின் தரம் தெரிவது சோதனை மேசையில்தான். மீட்டர்களை வரிசையாக மாட்டி, ஒரே மின்னோட்டத்தை அவற்றின் வழியாகவும் மிகத் துல்லியமான ஒப்பீட்டு மீட்டர் வழியாகவும் செலுத்துவார்கள். பல மீட்டர்களின் முகப்பில் உள்ள சிறு சிவப்பு விளக்கு ஒரு யூனிட்டுக்கு 3200 முறை கண்சிமிட்டும். அதை ஒளியுணரி எண்ணி, வீட்டு மீட்டருக்கு உரிய ஒரு விழுக்காட்டு வரம்புக்குள் பிழை நிற்கிறதா என்று காட்டும். முழுச் சுமையில் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பக் கூடாது. ஒற்றை விளக்கு எரியும் அளவிலும், மோட்டார் ஓடும்போது திறன்காரணி (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.5-க்கு இறங்கும் நிலையிலும், வெளியிலிருந்து காந்தம் வைக்கப்படும்போதும் சோதிக்க வேண்டும். இந்த மேசைக்கு ஒதுக்கும் பணத்தில் கைவைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

ஸ்மார்ட் மீட்டருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐஎஸ் 16444-க்குரிய ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் மீட்டரை விற்க முடியாது. அந்த உரிமம் ஆலையின் முகவரிக்குத்தான் வழங்கப்படுகிறது. கூட்டாளி வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் உரிமம் இங்கே செல்லாது. ஆலைக்குள் ஆய்வகம் தயாரான பிறகே விண்ணப்பம் நகரும் என்பதால், முதல் விநியோகத் தேதியை இதைக் கணக்கிட்டே குறிக்க வேண்டும்.

மென்பொருளை ஒப்பந்தத்தில் பலர் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் தனித்தனி மறைக்குறியீட்டுச் சாவி உண்டு. இணைப்பைத் துண்டிக்கும் கட்டளைகூட அந்தச் சாவியைக் கொண்டுதான் செல்கிறது. சாவிகளை உருவாக்கும் கணினி ஆலை வளாகத்திலேயே இருக்க வேண்டும். அவற்றின் முழுப் பட்டியல் ஒவ்வொரு தொகுதியுடனும் மின்வாரியத்துக்குப் பாதுகாப்பாகப் போய்ச் சேர வேண்டும். கூட்டாளி விலகினாலும் மீட்டரின் மூல மென்பொருள் அரசுப் பங்குதாரரிடம் தங்கும் வகையில், அதன் நகலை மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்து, ஒவ்வொரு புதிய பதிப்பின்போதும் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதியைக் கையெழுத்திடும் முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள்.