ஹாம் ரேடியோவுல டிஜிட்டல் டேட்டா: எஃப்டி8-ல முதல் காண்டாக்ட் போடுறது எப்படி

கால்சைன் (லைசென்ஸோட வர்ற நம்ம அடையாளப் பேர்) கைக்கு வந்தாச்சு, மைக் புடிச்சுப் பேசியும் பழகியாச்சு, அடுத்து கம்ப்யூட்டரைச் சேர்த்து டேட்டா அனுப்பணும்னு நினைக்கிறவங்களுக்குத்தான் இது. ஆன்டெனா, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்தியிருக்குன்னு காட்டுற அளவு) எல்லாம் உங்களுக்குத் தெரியும்னு வச்சுக்கிட்டு நேரா விஷயத்துக்கு வர்றேன். லைசென்ஸ் இல்லாம டிரான்ஸ்மிட் பட்டனைத் தொடவே கூடாது, அது மட்டும் மனசுல இருக்கட்டும்.

டிஜிட்டல் மோடு, அதாவது கம்ப்யூட்டரை வச்சு டேட்டா அனுப்புற முறை, நிறைய இருக்கு. ஆற அமர டைப் பண்ணிப் பேசணும்னா பிஎஸ்கே31 அருமையா இருக்கும், ஆனா முதல்ல, சின்னச் சின்ன செய்தியை 15 செகண்ட் இடைவெளியில அனுப்புற எஃப்டி8-ல ஆரம்பிங்கன்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா எந்த நேரத்துல ரேடியோவை ஆன் பண்ணாலும் அதுல ஆள் இருப்பாங்க, உங்க செட்டப் வேலை செய்யுதா இல்லையான்னு சில நிமிஷத்துல தெரிஞ்சிடும். எஃப்டி8, 2017-ல ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் உருவாக்கினது. டெய்லர் 1993-ல பல்சர் ஆராய்ச்சிக்காக இயற்பியல் நோபல் வாங்கினவர், விண்வெளியிலேர்ந்து வர்ற மெலிசான சிக்னலைத் தேடின மனுஷன்தான் நம்ம காதுக்கே கேக்காத சிக்னலைப் படிக்கிற மோடையும் செஞ்சிருக்காரு, அதை நினைச்சா இப்பவும் எனக்குப் புல்லரிக்கும்.

முதல்ல டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணி செட்டிங்ஸ்ல கால்சைனும், நீங்க இருக்கிற இடத்தைக் குறிக்கிற நாலு எழுத்து கிரிட் லொகேட்டரும் போடுங்க. இது இலவசம். வேற சாஃப்ட்வேரும் இருக்கு, ஆனா கத்துக்கும்போது இதுவே போதும்.

அடுத்தது கனெக்‌ஷன். உங்க ரிக்குக்குள்ளயே (ரேடியோ செட்டுக்குள்ளயே) சவுண்ட் கார்டு இருந்தா ஒரே கேபிள்ல வேலை முடிஞ்சது. பழைய ரிக்னா நடுவுல ஒரு இன்டர்ஃபேஸ் பாக்ஸ் வேணும், அதுல ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா பாத்து எடுங்க, இல்லன்னா ஹம் சத்தம் சிக்னல்ல ஏறிடும். எதுவுமே இல்லன்னாலும் கவலை வேண்டாம், ரேடியோ ஸ்பீக்கர் பக்கத்துல லேப்டாப் மைக்கை வச்சா கேட்டுப் பழகுற அளவுக்கு டீகோடு ஆகும், அதாவது சத்தம் எழுத்தா மாறி ஸ்கிரீன்ல வரும்.

ரிக்கை 14.074 மெகாஹெர்ட்ஸ்ல வைங்க, ராத்திரின்னா 7.074. மோடு யூஎஸ்பி. இந்த யூஎஸ்பிங்கிறது கேபிள் இல்ல, அப்பர் சைட்பேண்ட். 7 மெகாஹெர்ட்ஸ்ல குரலுக்கு எல்எஸ்பி (லோயர் சைட்பேண்ட்) போட்டுப் பழகின கை தானா அங்க போகும், எஃப்டி8-க்கு எல்லா பேண்ட்லயும் அப்பர்தான். ரிக்ல டேட்டா மோடுன்னு தனியா இருந்தா அதுல யூஎஸ்பியைப் போடுங்க, ஸ்பீச் கம்ப்ரஸர், நாய்ஸ் ரிடக்‌ஷன் ரெண்டையும் ஆஃப் பண்ணிடுங்க.

கம்ப்யூட்டர் கடிகாரம் சரியா ஓடணும். எஃப்டி8-ல எல்லாரும் 0, 15, 30, 45-வது செகண்ட்ல ஆரம்பிச்சு ஏறக்குறைய 12.6 செகண்ட் அனுப்புவாங்க, மிச்ச நேரத்துல டீகோடு நடக்கும். ஸ்கிரீன்ல டிடின்னு, நேர வித்தியாசத்தை செகண்ட்ல காட்டுற ஒரு நெடுவரிசை இருக்கும் பாருங்க, அதுல வர்ற எல்லா ஸ்டேஷனுக்கும் 1.5 மாதிரி ஒரே அளவு காட்டுச்சுன்னா தப்பு அவங்க கடிகாரத்துல இல்ல, உங்களோடதுல.

இப்ப நான் மாட்டிக்கிட்ட இடத்துக்கு வர்றேன், இதைத்தான் நிதானமா படிக்கணும். டீகோடு சூப்பரா வந்துச்சு, ஊரெல்லாம் கூப்பிட்டேன், பதில் வரவே இல்ல. பவர் பத்தலைன்னு நினைச்சு கம்ப்யூட்டர் வால்யூமை முழுசா ஏத்துனேன். பக்கத்துல இருக்கிற ஒரு ஹாம் நண்பர் அவரோட ஸ்கிரீனைப் படம் எடுத்து அனுப்பினார். நான் அனுப்புனது 600 ஹெர்ட்ஸ்ல, அவரோட வாட்டர்ஃபால்ல (சிக்னலைக் கோடா காட்டுற படத்துல) 600-ல ஒரு கோடு, 1200-ல இன்னொண்ணு, 1800-ல மங்கலா மூணாவது, மூணும் ஒண்ணா வருது ஒண்ணா நிக்குது. ஆடியோ அளவுக்கு மேல போயி ஹார்மானிக்ஸ், அதாவது ரெண்டு மடங்கு, மூணு மடங்குல வர்ற வேண்டாத சிக்னல், கிளம்பியிருக்கு. அதுல 1200-ல இருக்கிறதை யாராலயும் படிக்கவும் முடியாது, ஏன்னா டோன்களுக்கு நடுவுல இருக்கவேண்டிய 6.25 ஹெர்ட்ஸ் அங்க ரெட்டிப்பாகி 12.5 ஆயிடும். ஆக என் பவர் பிரிஞ்சு வீணாப்போயி, அடுத்தவங்க இடத்தையும் அடைச்சிருக்கு.

டிஜிட்டல்ல நீங்க அனுப்புற சத்தம்தான் சிக்னல், அதனால இப்படி செட் பண்ணுங்க. டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலா பவரை வாங்கிக்கிற சாதனம்) மாட்டி ரிக்ல பவரை 30 வாட்ஸ்ல வைங்க, மீட்டரை ஏஎல்சிக்கு (ஆடியோ அதிகமானா ரிக் தானா அடக்குறதைக் காட்டும்) மாத்துங்க. சாஃப்ட்வேர்ல வலது ஓரத்துல இருக்கிற பவர் ஸ்லைடரை முழுசா இறக்கிட்டு டியூனை அழுத்துங்க. ஸ்லைடரை மெல்ல ஏத்துனா பவர் ஏறிக்கிட்டே வரும், ஒரு இடத்துல பவர் நின்னுட்டு ஏஎல்சி முள் அசைய ஆரம்பிக்கும். அங்கேர்ந்து முள் திரும்பப் படுக்குற வரைக்கும் இறக்குங்க, அதான் உங்க இடம். பேண்ட் மாத்துனா மறுபடி ஒரு தடவை பாத்துக்கங்க. செட்டிங்ஸ்ல ஸ்ப்ளிட் ஆபரேஷன்ல ஃபேக் இட் போட்டுட்டா ஆடியோ எப்பவும் 1500 முதல் 2000 ஹெர்ட்ஸ்க்குள்ளயே நிக்கும், ஹார்மானிக் வந்தாலும் ஃபில்டரைத் தாண்டாது. நான் எல்லாருக்கும் இதை சொல்றேன்.

100 வாட்ஸ் ரிக்கா இருந்தாலும் முழு பவர் வேண்டாம். குரல் மாதிரி ஏறி இறங்காம 12 செகண்டும் முழு லோடுல ஓடும், ஃபைனல்ஸ் (ரிக்ல கடைசியா பவரைக் கூட்டுற டிரான்சிஸ்டர்கள்) சூடாயிடும். அவ்வளவு பவர் தேவையும் படாது, நாய்ஸுக்கு 20 டெசிபல் கீழ இருக்கிற சிக்னலைக்கூட இது படிக்கும்.

இனி காண்டாக்ட். சிக்யூ (யார் வேணும்னாலும் பதில் சொல்லுங்கன்னு ஒரு பொது அழைப்பு) கூப்பிடுற யாரையாவது டபுள் கிளிக் பண்ணுங்க, மிச்சத்தை சாஃப்ட்வேரே வரிசையா அனுப்பும்: உங்க கிரிட், அவர் தர்ற ரிப்போர்ட் (உங்க சிக்னல் எவ்வளவு பலமா கேட்டுச்சுன்னு), ஆர் சேர்த்து உங்க ரிப்போர்ட், அப்புறம் அவரோட ஆர்ஆர்73 (எல்லாம் கிடைச்சுது, வாழ்த்துகள்), கடைசியா உங்க 73 (வாழ்த்துகள்). சிக்யூவையும் சேர்த்தா ஒண்ணரை நிமிஷம். அவர் இருக்கிற ஃப்ரீக்வென்சி மேலயே கூப்பிடாம காலியா இருக்கிற இடத்துல வச்சு, அது நகராம இருக்க ஹோல்டு போட்டுக்கங்க. பதில் வரலைன்னா பிஎஸ்கே ரிப்போர்ட்டர் தளத்துல உங்க கால்சைனைப் போட்டுப் பாருங்க, யார் யாருக்குக் கேட்டுச்சுன்னு மேப்ல வரும்.

அப்டேட்: இதைப் படிச்சிட்டு ரெண்டு பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தாங்க, "டிரான்ஸ்மிட் லைட் எரியுது, பவர் மட்டும் பூஜ்யம்". சத்தம் ரிக்குக்குப் போகாம லேப்டாப் ஸ்பீக்கருக்குப் போகுது. ஆடியோ டேப்ல அவுட்புட்டை ரிக்கோட யூஎஸ்பி ஆடியோ கோடெக்குக்கு மாத்துங்க, விண்டோஸ் டீஃபால்ட் சவுண்டை லேப்டாப் ஸ்பீக்கருக்கே விட்டுடுங்க, இல்லன்னா மெயில் வந்த டிங் சத்தமும் ஆன்டெனா வழியாப் போகும்.

இன்னொரு அப்டேட்: டிரான்ஸ்மிட் பண்ணும்போதெல்லாம் ரிக் கனெக்‌ஷன் அறுந்துபோகுதுன்னா ஆர்எஃப், அதாவது நீங்க அனுப்புற ரேடியோ அலை, கம்ப்யூட்டர் கேபிள் வழியா உள்ள வருது. கேபிளோட ரெண்டு முனையிலயும் ஃபெர்ரைட் கோர்ல அஞ்சாறு சுத்து சுத்துங்க, அப்பவும் அறுந்தா பவரைப் பாதியாக்கிப் பாருங்க, நின்னுடுச்சுன்னா தேடவேண்டியது ஆன்டெனா பக்கம்.