புது எழுத்து நம்பர் தகடு வரும்வரை காரைப் பதிவதைத் தள்ளிப்போடலாமா?

வேண்டாம். இலங்கைத் தகட்டின் மூன்று எழுத்துகளில் முதலாவது வாகன வகையைச் சொல்லும், காருக்கு 'சி'. மற்ற இரண்டும் வெறும் வரிசை. எழுத்துக்குப் பின்வரும் இலக்கம் 9999 முடிந்தால் அடுத்த எழுத்து. வெளிநாட்டில் ஓடி இங்கு இறக்குமதியான, இரண்டு வருடம் பழைய ரீகண்டிஷன் காரும் இன்று பதிந்தால் புது எழுத்தோடுதான் ஓடும்.

விற்கும்போது புது எழுத்துக்கு மவுசு உண்டுதான். ஆனாலும் விவரமறிந்தவர் பதிவுப் புத்தகத்தில் உற்பத்தி ஆண்டையே தேடுவார். நீங்களும் முன்சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அடியில் தைத்த துணித்துண்டில் திகதி இருக்கும். டயரின் பக்கவாட்டில் 2324 என்றிருந்தால் 2024இன் 23ஆம் வாரம் செய்தது.

முற்பணம் கட்டிய காரை உப்புவெளி, நிலாவெளிக் கடற்காற்றில் இரண்டு மாதம் நிறுத்தினால் பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும், பட்டரி இறங்கும். அதை முதலில் கவனியுங்கள்.