கேடயம் தாமதமாக உயர்ந்ததன் காரணம்
கோட்டைகளில் ஏறுவதற்கும் புதிர்களை அவிழ்ப்பதற்குமே ஒரு வீடியோ கேம் தொடரின் மூன்று கேம்களையும் முடித்தவன் நான். சண்டை வந்தால் மட்டும் எரிச்சல். எதிரி வாளை ஓங்கியதும் சரியான நேரத்தில்தான் தடுப்புப் பட்டனை அழுத்துவேன்; அடி விழுந்த பிறகுதான் கேடயம் உயரும். என் விரல்தான் மந்தம் என்று ஈஸி மோடுக்குக்கூட இறங்கிப் பார்த்தேன், வெட்கம்தான் மிச்சம்.

கோளாறு டிவியில். படத்தை மெருகேற்றுவதற்காக அது ஒவ்வொரு ஃபிரேமையும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்தையும், கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்கிறது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஆறு ஃபிரேம் தாமதித்தாலே 100 மில்லிசெகண்ட் போச்சு. டிவி செட்டிங்ஸில், இந்த மெருகேற்றலைக் குறைக்கும் கேம் மோடை ஆன் செய்தேன். அப்புறம் தடுப்பு கைக்கு வந்துவிட்டது. எதிரிகள் கூட்டமாகச் சூழும்போது கேமுக்குள் காட்சியைக் காட்டும் கேமரா சுவரில் முட்டுவது மட்டும் அப்படியேதான் இருக்கிறது. நடு இடத்துக்கு நகர்ந்து நின்று அடிக்கிறேன்.