உங்கள் படைப்பைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் கை நடுங்குகிறதா?

நான் லினோகட் செய்கிறவள். லினோலியம் தகட்டில் உளியால் செதுக்கி, மை உருட்டி, தாளில் அச்செடுக்கும் வேலை. தனியாக உட்கார்ந்து செய்யலாம் என்பதற்காகவே இதற்கு வந்தேனோ என்றுகூடத் தோன்றும். ஆனால் கண்காட்சி என்று வைத்தால், ‘ஒரு பத்து நிமிஷம் உங்கள் வேலையைப் பற்றிப் பேசுங்களேன்’ என்று யாராவது கேட்காமல் விடுவதில்லை. கேட்ட நிமிஷத்திலிருந்து வயிற்றைக் கலக்கும். சொந்தப் படைப்பு என்றால் இந்தக் கலக்கம் கொஞ்சம் கூடுதல்தான். பேச்சு சொதப்பினால் படமும் சேர்ந்து அடிவாங்கும் என்று மனசு கணக்குப் போடுகிறது.

பயம் அவ்வளவு சுலபத்தில் போகாது. இருந்துவிட்டுப் போகட்டும். அது பக்கத்தில் இருந்தாலும் பேச்சு ஓடும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

முதல் ஏற்பாடு, கையோடு ஒரு பொருளை எடுத்துப்போவது. நான் செதுக்கிய தகட்டையே மேசைமேல் வைத்துவிடுவேன். “இதில் எழுத்தெல்லாம் இடவலம் மாறி இருக்கும், பாருங்கள்” என்றதும் எல்லார் கண்ணும் என் முகத்தை விட்டுத் தகட்டுக்குப் போய்விடும். அப்புறம் அதை முன்வரிசையில் கொடுத்து, கைமாற்றச் சொல்வேன். அது சுற்றி வரும்போது, அதில் நான் செதுக்கியிருக்கும் காக்கையின் இறகைப் பற்றிச் சொல்வேன். இறகின் ஒவ்வொரு கோடும் V வடிவ முனையுள்ள மெல்லிய உளியால் இழுத்தது. தாளில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் நான் செதுக்கி எடுத்த இடம், கறுப்பு நான் தொடாமல் விட்ட இடம். ஓரத்திலிருந்து உள்நோக்கி இழுத்தால் இறகு நுனி தடித்துப்போகும், அதனால் தகட்டைத் திருப்பித் திருப்பி வைத்துச் செதுக்க வேண்டும். இதையெல்லாம் நான் மனப்பாடம் செய்ததில்லை. எவ்வளவு படபடப்பிலும் மறக்காது, ஏனென்றால் செய்தது என் கை.

அதாவது, ‘எப்படிச் செய்தேன்’ என்று ஆரம்பியுங்கள். ‘ஏன் செய்தேன்’ பின்னால் வரட்டும். நடுக்கம் உச்சத்தில் இருக்கும் முதல் இரண்டு நிமிஷத்தில் தத்துவம் பேசப் போனால் வாய் குழறும். கதை எழுதுகிறவர் அடித்தல் திருத்தலோடு இருக்கும் கைப்பிரதியின் ஒரு பக்கத்தைக் காட்டலாம். இசையமைப்பவர் போனில் முனகிப் பதிவு செய்த முதல் மெட்டை ஒலிக்கவிடலாம்.

உரை முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வார்த்தை விட்டுப்போனால் மொத்தமும் கழன்றுவிடும். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் வார்த்தை பிசகாமல் இருந்தால் போதும். கடைசி வாக்கியம் எதற்கு என்றால், அது இல்லாதவர்கள்தான் “அவ்வளவுதான்... வேற ஒண்ணும் இல்ல...” என்று இழுத்துக்கொண்டே இறங்குகிறார்கள்.

ஒத்திகையை நின்றபடி, வாய்விட்டுச் செய்யுங்கள். மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெச்சா குச்சா என்று, திரையில் படம் காட்டிப் பேசும் முறை ஒன்று உண்டு. 2003-ல் டோக்கியோவில் ஆஸ்ட்ரிட் க்ளெய்ன், மார்க் டைத்தம் என்ற கட்டடக் கலைஞர்கள் தொடங்கியது. 20 படங்கள், ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி, மொத்தம் 6 நிமிடம் 40 விநாடி. படம் தானாக நகர்ந்துவிடும். மேடையில் அப்படிப் பேசாவிட்டாலும் வீட்டில் இப்படிப் பழகிப் பார்த்தால், எந்தப் படத்துக்கு நமக்குச் சொல்ல விஷயமே இல்லை என்று தெரிந்துவிடும். அதைத் தூக்கிவிடலாம்.

உடம்பு விஷயம். அட்ரினலின் சுரந்தால் இதயம் வேகமாக அடிக்கும், வாய் உலரும், விரல் நடுங்கும். ஆகவே குறிப்பை மெல்லிய தாளில் எழுதாதீர்கள். அது படபடவென்று ஆடும். கெட்டி அட்டையில் நாலே வரி எழுதிக்கொள்ளுங்கள். லேசர் பாயிண்டர் வேண்டவே வேண்டாம், நடுக்கத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டும். ஏறுவதற்கு முன் மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுங்கள்: நாலு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி விட்டால் துடிப்பு கொஞ்சம் தணியும்.

“எனக்கு மேடைப் பேச்செல்லாம் வராது, மன்னிச்சுக்குங்க” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அதுவரை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. பேசுகிறவர் தன் பதற்றம் வெளியே தெரிவதாக நினைக்கும் அளவுக்குக் கேட்பவருக்கு அது தெரிவதில்லை. இந்த விஷயத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பேசப் போனவர்கள் இன்னும் நன்றாகவும் பேசியிருக்கிறார்கள். எனக்கு மூச்சுப் பயிற்சியைவிட அதிகம் உதவியது இந்த ஒரு தகவல்தான்.

கேள்வி நேரம் தனிக் கண்டம். யாரும் கேட்காமல் நிலவும் மௌனம்தான் ரொம்பப் பயமுறுத்தும். அமைப்பாளரிடம் “முதல் கேள்வியை நீங்களே கேளுங்கள்” என்று முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். கேள்வியை மைக்கில் ஒரு முறை திருப்பிச் சொன்னால் பின்வரிசைக்கும் கேட்கும், உங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்பவரிடம் படம் எங்கிருந்து கிளம்பியது என்று மட்டும் சொல்லிவிட்டு, “உங்களுக்கு என்ன தெரிந்தது?” என்று கேட்கலாம். அப்புறம், கேள்வி கேட்கிறேன் என்று எழுந்து குட்டிச் சொற்பொழிவே ஆற்றுகிறவர் அனேகமாக எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவரை அவசரப்படுத்தாதீர்கள். நிதானமாகத் தண்ணீர் குடிக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.