போராட்ட நியூஸ் பாக்கும்போது நாம பண்ற தப்புங்க

2018 மே 22 சாயங்காலம் டிவி போட்டவங்களுக்கு தூத்துக்குடின்னா எரியுற வண்டி, கலெக்டர் ஆபீஸ், கீழ "கலவரம்"னு ஓடுற எழுத்து, அவ்ளோதான். ஆனா அன்னிக்கு போராட்டத்தோட 100வது நாளு, அதுக்கு முன்னாடி 99 நாள் ஸ்டெர்லைட் தாமிர ஆலை வேணாம்னு பக்கத்து ஊரு அ.குமரெட்டியாபுரம் ஜனங்க உக்காந்துட்டு இருந்தத எத்தன பேர் பாத்தோம்? கடைசி நாள் படத்த வச்சு மொத்தத்தையும் எடை போடுறதுதான் முதல் தப்பு.

அடுத்தது வாக்கியம். "துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் பலி"ன்னு போடுவாங்க, என்னமோ துப்பாக்கி தானா வெடிச்ச மாதிரி. போலீஸ் சுட்டு 13 பேர் செத்தாங்கன்னு நீங்களே ஒருதடவ சொல்லிப் பாருங்க, வேற மாதிரி இருக்கும். மஞ்ச டீஷர்ட்ல ஒருத்தர் வேன் மேல ஏறி குறி பாத்தாரே, அந்த வீடியோ மட்டும் வரலன்னா "யார் சுட்டது"ங்கற கேள்வியே நமக்கு வந்திருக்குமான்னு தெரியல. இத விசாரிச்ச அருணா ஜெகதீசன் கமிஷன் ரிப்போர்ட் 2022ல வந்து போலீஸ் மேல தப்புன்னு சொல்லுச்சு, நாலு வருஷம் கழிச்சு அத யாரு படிச்சா.

திட்டுறது மட்டும்தான் பிரச்சனைன்னு நினைக்காதீங்க, புகழ்றதும் அப்படித்தான். 2017 ஜனவரில மெரினா ஜல்லிக்கட்டு போராட்டத்த டிவிக்காரங்க ஒரு வாரம் "மாணவர் புரட்சி, அறவழி"ன்னு கொண்டாடுனாங்க, நாமளும் சேர்ந்து ஷேர் பண்ணோம். அங்க மாணவங்க மட்டுமா இருந்தாங்க? அப்படி ஒரு பேர் வச்சிட்டதாலதான் 23ம் தேதி ஐஸ்ஹவுஸ் ஸ்டேஷன் எரிஞ்சதும் "சமூக விரோதிகள் ஊடுருவல்"னு சொன்னது டக்குனு எடுபட்டுச்சு. மெரினா பக்கத்துல நடுக்குப்பம் மீன் மார்க்கெட் எரிஞ்சுதே, அந்த கடைக்கார அக்காங்க எந்த லிஸ்ட்ல வருவாங்க, மாணவரா விரோதியா?

அதே வருஷம் டெல்லி ஜந்தர் மந்தர்ல விவசாய சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு கூட போன விவசாயிங்க மண்டை ஓட்டோட உக்காந்தது, எலிய வாயில வச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. கடன் தள்ளுபடி, வறட்சி நிவாரணம், காவிரி மேலாண்மை வாரியம்னு கேட்டது? ம்ஹூம். "டிராமா"ன்னு கிண்டல் வேற. மண்டை ஓடு இல்லாம சும்மா மனு மட்டும் எடுத்துட்டு போயிருந்தா ஒரு கேமராவாவது வந்திருக்குமாங்க?

அப்புறம் இந்த ஃபார்வர்டு. துப்பாக்கிச்சூட்டுக்கு மறுநாள்ல இருந்து தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூணு மாவட்டத்துலயும் நெட்ட கட் பண்ணிட்டாங்க. அந்த நாள்ல "தூத்துக்குடில இருந்து இப்போ"ன்னு நம்ம குரூப்புக்கு வந்ததெல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னு ஒருத்தர் கூட கேக்கல, நானும்தான்.